கரவனில் எட்டுப் பேர் இருக்கலாம்

மரினாவுக்குக் கூடாரம் என்றாலே ஆகாது. கூடாரத்தில் படுக்கிறவர்களைப் பற்றி அவளிடம் ஒரு முழு அபிப்பிராயம் இருந்தது. கேட்டவர்களுக்கும் சொல்லுவாள், கேட்காதவர்களுக்கும் சொல்லுவாள். நல்ல வீடு இருக்கிறது, வீட்டுக்குள் சூடு இருக்கிறது, கட்டில் மெத்தை இருக்கிறது. அதையெல்லாம் பூட்டிவைத்துவிட்டு, நிலத்தில் உருண்டு, எறும்போடு எழும்பி, பல்லுத் தீட்ட இருநூறு மீட்டர் நடந்து போவதற்கென்றே ஒரு சனம் லீவு எடுக்கிறதென்றால், அந்தச் சனத்துக்கு மண்டையில் ஏதோ ஆணி கழன்றிருக்க வேண்டும். டென்மார்க்குக்கு வந்து முப்பத்திரண்டு வருடமாகியும் இந்த ஒரு விஷயத்தில் வெள்ளைக்காரரை அவளால் மன்னிக்க முடியவில்லை.

அவள் கரவன்காரி. ஒன்பது வருடத்துக்கு முன் அவளுடைய புருஷன் லோரன்ஸ் காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற வீட்டு வண்டியான ஒரு பழைய கரவனை வாங்கி, மேற்குக் கரையில், கடலிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி ஒரு காம்பிங் திடலில் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்தினது நிறுத்தினதுதான். ஊர் சுற்றுவதற்கென்று செய்த வண்டி அதற்குப் பிறகு ஓர் அங்குலம் அசையவில்லை. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்தது. புல்லைச் சுற்றி லோரன்ஸ் வெள்ளைக் கல் அடுக்கினார். கரவனின் முன்பக்கம் சீலையால் ஒரு முன்கூடம் இழுத்துக் கட்டி, அதற்குள் கம்பளம், தொலைக்காட்சி, குளிர்ப்பெட்டி, சப்பாத்துத் தட்டு எல்லாம் வைத்தார். அந்த முன்கூடமும் ஒரு கூடாரம்தானே என்று மரினாவுக்கு எடுத்துச் சொல்லும் தைரியம் அந்தத் திடலில் இருந்த எவருக்கும் வரவில்லை.

லோரன்ஸ் ஹோர்சன்ஸில் ஒரு சாமான் களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வாயால் அதைவிடப் பெரிய பாரமெல்லாம் தூக்குவார். அவருக்கு மனிதர் வேண்டும். சுற்றிவர ஆட்கள் இருந்து, தான் கதைக்க அவர்கள் கேட்க வேண்டும். மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் ஒவ்வொருவரையும் தோளில் தட்டி, "கோடைக்கு எங்கட பக்கம் வாங்கோ. கரவனிலை எட்டுப் பேர் இருக்கலாம், நெருக்கினால் பத்து" என்பார். சனமும் சும்மா விடாது. ஹெர்னிங்கிலிருந்து வரும், இஷொய்யிலிருந்து பாலம் கடந்து வரும், சொல்லிவிட்டும் வரும், சொல்லாமலும் வரும். வந்தால் தேநீர். தேநீரோடு ரோல்ஸ். பிறகு, சாப்பிடாமல் போகவா போகிறீர்கள் என்று லோரன்ஸ் கையைப் பிடிப்பார். பிடிக்கிற கை அவருடையது, சமைக்கிற கை மரினாவுடையது.

மரினாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. இறைச்சித் தொழிற்சாலையில் பொதி செய்யும் பகுதியில் வேலை, காலை ஐந்தரைக்குத் தொடங்கும். அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் பிறந்தபோது அவளும் லோரன்ஸும் மாறி மாறி ஷிப்ட் செய்தார்கள். அப்போது அவரும் அதே தொழிற்சாலைதான்; இவள் வேலை முடிந்து வெளியே வரும்போது அவர் உள்ளே போக வேண்டும். தொழிற்சாலைக் கார் தரிப்பிடத்தில் வைத்துப் பிள்ளை கைமாறும். வீட்டுக்கு வந்தால் உடுப்புத் தோய்க்க வேண்டும், சமைக்க வேண்டும், ஊரிலிருந்த ஐந்து பேருக்கு உழைக்க வேண்டும். பட்டப்பகலில் ஒரு பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்தது என்று அவளுக்கு ஒரு நாளும் நினைவில்லை. இப்போது மகன் டானியலும் மகள் சாரங்கியும் கொப்பன்ஹேகனில் இருக்கிறார்கள். தொலைபேசியில் இவள் தமிழில் கேட்பாள், அவர்கள் டேனிஷில் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள்.

ஆகவே, தன் கடைசித் தம்பி துஷாந்தனுக்குக் கலியாணம் முடித்து ஏழு வருடத்துக்குப் பிறகு ஒரு பெண்குழந்தை பிறந்தபோது மரினா ஒரு முடிவு எடுத்தாள். வருகிற ஜூலையில் நவோமிக்குட்டி ஒரு கிழமை, ஏழு நாளும், மாமியோடு கரவனில் இருக்கும். கரவனின் பின்மூலைக் கட்டிலுக்கு அளந்து மெத்தை வெட்டுவித்தாள். பிள்ளை உருண்டு விழாமல் வலை தைத்தாள். முயல் படம் போட்ட சீலையில் யன்னல் திரை போட்டாள். ஆசைக்கு வெட்கமில்லை, தெரிந்த எல்லோருக்கும் சொல்லியும் விட்டாள்.

ஏப்ரலில் துஷாந்தன் தொலைபேசியில் மென்று விழுங்கினான். மனைவி விக்ரோரியா கூடாரம் வாங்குவோம் என்கிறாளாம்.

"கூடாரமோ?" என்றாள் மரினா. "ஒன்பது மாசப் பிள்ளையையோ?"

பிறகு அவள் நிறுத்தவில்லை. விக்ரோரியா முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை பார்க்கிறவள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பவள். வீட்டுக்கு வந்து பிள்ளையை நிறுத்துப் பார்க்கிற தாதியும் வெளிக்காற்று நல்லது என்று சொன்னாளாம். வெள்ளைக்காரர் பனிக்காலத்திலும் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து வாசலில் நித்திரையாக்குகிறார்களாம். மரினாவுக்கு அதுவும் தெரியும். ஊறுகாய்ப் போத்தலை வெயிலில் வைப்பதுபோலப் பிள்ளையை வெளியே வைக்கிற சனத்திடம் போய்ப் புத்தி கேட்கிறவளை என்ன செய்வது? இஷொய்யிலிருக்கும் சிநேகிதி மனோரஞ்சிதத்துக்கு எடுத்துச் சொன்னாள். மனோரஞ்சிதம் சளி என்றாள், நுளம்புக் கடி என்றாள், நரி என்றாள். ஹெர்னிங்கில் ஒருவர் புயல் என்றார். இரண்டு கிழமைக்குள் ஜூட்லாந்தின் தமிழ்க் குடும்பங்களில் பாதி அந்தக் கூடாரத்தை எதிர்த்து நின்றன. அவர்களில் ஒருவர்கூடக் கூடாரத்துக்குள் காலடி வைத்ததில்லை.

கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. பெந்தெகொஸ்தே லீவில் இரண்டு நாள் கரவனில் இருந்து பார்ப்பது, அதற்குப் பிறகு தீர்மானிப்பது. மரினா வென்றுவிட்டதாகவே நினைத்தாள். ஒரு தடவை வந்து அந்த மெத்தையில் படுத்தால் பிள்ளையே எழும்பாது என்று லோரன்ஸுக்குச் சொன்னாள். லோரன்ஸும் சந்தோஷப்பட்டார். சந்தோஷத்தில் ஊருக்கெல்லாம் அறிவித்தார்.

பிள்ளை பார்க்க வருவதென்றால் நம்முடைய சனத்துக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? சனிக்கிழமை பத்து மணிக்கு முதல் கார் வந்தது. ஞாயிறு மாலை போன கடைசிக் காரோடு கணக்குப் பார்த்தால் இருபத்தாறு பேர். ஒவ்வொருவரும் பிள்ளையைத் தூக்கினார்கள். மூக்கு துஷாந்தனுடையது, நெற்றி விக்ரோரியாவுடையது, நிறம் மட்டும் யாருடையதோ என்று ஆராய்ச்சி செய்தார்கள். கண்ணயர்ந்த பிள்ளையின் கன்னத்தைத் தட்டி எழுப்பி, முழிச்சிட்டா முழிச்சிட்டா என்று கைதட்டினார்கள். பிள்ளை கத்தியது. கத்தினால் பசி என்றார்கள், பால் குடித்தால் வயிற்றுக்குத்து என்றார்கள், அழுகையை நிறுத்தினால் தங்களைப் பிடித்துவிட்டது என்றார்கள். எட்டுப் பேர் இருக்கலாம் என்ற இடத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். முயல் திரைக்குப் பின்னால் இருந்த மெத்தையில் வந்தவர்களின் கைப்பைகள் நித்திரை கொண்டன.

மரினா அடுப்பில் நின்றாள். தண்ணீர் கொதித்தது, முடிந்தது, குழாயடிக்குப் போய் பிளாஸ்டிக் கானில் பிடித்து வந்தாள், மறுபடி கொதித்தது. ரோல்ஸ் பொரித்தாள். கோப்பை கழுவினாள். நடுவில் லோரன்ஸ், பால் காணாது என்றார். நல்ல கூட்டம், நல்ல லீவு என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

ஞாயிறு மாலை எல்லோரும் போன பிறகு, விக்ரோரியா கோப்பை துடைக்க வந்து நின்றாள். கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தது. கோபமாகக்கூட அவள் கேட்கவில்லை.

"மச்சாள், ரெண்டு நாளிலை நீங்கள் பிள்ளையை ஒருக்கா எண்டாலும் தூக்கினனீங்களோ?"

மரினா கழுவின கோப்பையையே மறுபடி கழுவினாள். அந்தக் கேள்வி அவளுக்குச் சுட்டது. முதியோர் இல்லத்துக்காரி தன்னை வாயடைக்க வைத்தாளே என்று அன்று இரவு முழுவதும் பொருமினாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் லோரன்ஸிடம், அவளுக்கு வாய் நீளம் என்று மட்டும் சொன்னாள்.

ஓகஸ்டில் விக்ரோரியாவின் பிரசவ லீவு முடிகிறது, பிள்ளை பகல்நேரக் காப்பகத்துக்குப் போகிறது. அதற்கு முன் கிடைக்கிற கடைசிக் கிழமையைப் பந்தி பரிமாறிக் கழிக்க முடியாது என்று அவள் துஷாந்தனிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். துஷாந்தனுக்கு மனைவியை எதிர்க்கவும் முடியாது, அக்காவை எதிர்க்கவும் முடியாது. அதனால் கூடாரத்தை வாங்கி, அதே திடலில், கரவன்களுக்கு எதிர்மூலையில், காட்டு ரோஜாப் புதருக்குப் பின்னால் அடிப்பதென்று ஒழுங்கு செய்தான். அவனுடைய வீரம் அவ்வளவுதான்.

ஜூலையில் வந்தார்கள். துஷாந்தன் விளக்கத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்க, விக்ரோரியா கம்பியைக் கோத்துக் கூடாரத்தை நிமிர்த்தினாள். இடுப்பளவு உயரம். உள்ளே மூன்று பேர் படுக்கலாம், ஒருவரும் நிற்க முடியாது, கதிரை போட முடியாது. லோரன்ஸ் ஒரு தடவை பார்க்கப் போனார். வயிற்றோடும் முழங்காலோடும் அவரால் குனிய முடியவில்லை. வெளியே நின்று புதரோடு இரண்டு நிமிடம் கதைத்துவிட்டு வந்து, அங்கே மனுசன் இருக்க இடமில்லை என்று அறிக்கை விட்டார். அதற்குப் பிறகு சேலை கட்டிக்கொண்டு பிள்ளை பார்க்க வந்தவர்களும் அந்தப் பக்கம் போகவில்லை.

மரினா மூன்று நாள் எட்டியும் பார்க்கவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றியபடி கூடாரத்தைப் பற்றி வெளுத்து வாங்கினாள். நாய்க்கூடு என்றாள். மழை வரட்டும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் ஓடிவருவார்கள் என்றாள். பின்மூலைக் கட்டிலில் இருந்த கைப்பைகளையெல்லாம் எடுத்து நிலத்தில் வைத்து, விரிப்பை உதறி விரித்தும் வைத்தாள். அவர்கள் வரவேண்டும் என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

நான்காம் நாள் மத்தியானம் மழை வந்தது. மேற்குக் கரை மழை; நேராக விழாது, பக்கவாட்டில் அறையும். கரவனில் ஹெர்னிங் கூட்டம் ஒன்பது பேர் இருந்தார்கள், லோரன்ஸ் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். மரினா ஒரு மணி நேரம் வாசலையே பார்த்தாள். ஒருவரும் ஓடிவரவில்லை. கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு, பிள்ளையை மீட்டுக்கொண்டு வருகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு இறங்கினாள். பாதி வழியில் குடை மறுபக்கம் திரும்பிவிட்டது.

கூடாரத்துக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். விக்ரோரியா சீலையை ஒரு சாண் திறந்து, பிள்ளை நித்திரை, சத்தம் போடாமல் வாங்கோ என்றாள். துஷாந்தன் குளிப்பறைப் பக்கம் உடுப்புத் தோய்க்கப் போயிருக்கிறானாம். உள்ளே போக ஒரு வழிதான் இருந்தது. மரினா, ஐம்பத்து நான்கு வயதில், மேலே போட்டிருந்த மழைக்கோட்டையும் செருப்பையும் கழற்றி உள்ளே எறிந்துவிட்டு, நான்கு காலில் தவழ்ந்து போனாள்.

உள்ளே காய்ந்துபோய் இருந்தது. அவளுக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. எங்காவது ஒழுகுகிறதா என்று மூலை முடுக்கெல்லாம் கையால் தடவிப் பார்த்தாள். ஒழுகவில்லை. கம்பளி ஆடை போட்டுக்கொண்டு நவோமி மல்லாந்து கிடந்தாள், இரண்டு கையையும் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு. மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்தாள். குளிரவில்லை. குற்றம் பிடிக்க ஒன்றும் அகப்படாமல் மரினா குந்தியிருந்தாள். குந்தியிருக்கவும் முடியாமல் தலை இடித்தது. "படுங்கோ மச்சாள்" என்றாள் விக்ரோரியா. வேறு வழியில்லாமல் படுத்தாள்.

அந்த அசைவில் பிள்ளை சிணுங்கி விழித்தது. தாய் எடுத்து மரினாவின் நெஞ்சில் குப்புறப் போட்டாள். அது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டி, இடம் பிடித்து, சட்டையின் கழுத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு மறுபடி உறங்கிப் போனது. சுடச்சுட ஒரு பாரம். மரினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமும் வந்தது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் கார் தரிப்பிடத்தில் கைமாற்றிக் கொடுத்த பிள்ளைகளை நினைத்து வந்தது, ஒன்பது கோடையாகக் கழுவின கோப்பைகளை நினைத்து வந்தது. விக்ரோரியா போர்வையை இழுத்து அவளுடைய காலில் போட்டாள்.

வெளியே சேற்றில் காலடி கேட்டது. சீலையின் கீழ் விளிம்பில் லோரன்ஸின் சப்பாத்து இரண்டும் வந்து நின்றன.

"விக்ரோரியா, மரினா இஞ்சை வந்தவவோ? கேத்தில் கொதிக்குது. ஆக்கள் பாத்துக்கொண்டு இருக்கினம்."

விக்ரோரியா மச்சாளைப் பார்த்தாள். மரினா மூச்சுக் காட்டவில்லை. பிள்ளையின் முதுகில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்தாள்.

"அவரால குனியேலாது."

சப்பாத்து கொஞ்ச நேரம் நின்றது. இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டது. பிறகு திரும்பிக் கரவன் பக்கமாகப் போனது. அந்த மனுசனுக்குத் தேநீர் போடத் தெரியாது என்பது மரினாவுக்கு நன்றாகத் தெரியும். ஹெர்னிங் கூட்டம் இன்றைக்குப் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

"ஒரு மணித்தியாலத்திலை எழுப்பிவிடு" என்றாள் மெல்ல. "கூடாரத்திலை பிள்ளையை வச்சிருக்கிறது எவ்வளவு பிழை எண்டு உனக்கு வடிவா விளங்கப்படுத்த வேணும்."

ஓம் என்று விக்ரோரியா சொல்வதற்குள் அவள் குறட்டை விடத் தொடங்கியிருந்தாள். மாலை ஆறு மணி வரைக்கும் அவளை ஒருவரும் எழுப்பவில்லை.