பிணம் கழுவுகிறவளின் சாட்சி

எங்கள் மதில் சூழ்ந்த ஊரில் அரசனின் முகம் தெரியாதவர்கள் ஏராளம். பிணம் கழுவுகிறவளைத் தெரியாதவர் இல்லை. என்ன, தெருவில் எதிர்ப்பட்டால் ஒதுங்கிப் போவார்கள். அவளும் அதற்காக மூக்கைச் சிந்துகிற ரகம் இல்லை. "எல்லாரும் ஒருநாள் என் கைக்குத்தானே வரணும்" என்று சிரிப்பாள். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு அந்தச் சிரிப்பு பழக ஒரு வருடம் ஆனது.

மதிலோரம் ஒற்றை அறை. நடுவில் சாய்வான கல்மேடை, கால்மாட்டில் ஆற்றுக்குப் போகும் வாய்க்கால். அவள் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மூக்கும் வாயும், அப்புறம் கண், கடைசியில்தான் உடம்பு. சொந்தக்காரர்கள் முகத்தைத்தானே பார்ப்பார்கள்? இருபது வருடப் பழக்கத்தில் கை தானாக ஓடும், மனசு வேறெங்காவது இருக்கும்.

அன்று காலை அரசு நெற்களஞ்சியத்தின் மேற்பார்வையாளரைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஆற்றில் மிதந்தாராம். துணி சுற்றிய விரலால் அவள் மூக்கைத் துடைத்தாள். உமி வந்தது. தொண்டைவரை உமி. "சீ, எவ்வளவு குப்பை!" என்று முனகியபடி வழித்தெடுத்து, இரண்டு குடம் ஊற்றிப் பளிச்சென்று ஆக்கிவிட்டாள். ஆற்றில் மூழ்கியவன் தொண்டைக்குள் உமி ஏது என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். பாவி, யோசிக்கவில்லை.

மதியம் நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். "அக்கா, உன் தம்பியைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க! படகிலிருந்து அந்தக் களஞ்சியக்காரரைத் தள்ளிவிட்டது இவன்தானாம்."

தம்பி படகோட்டி. தாயில்லாமல் இவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. களஞ்சியத்திலேயே உமிக்குள் முகத்தை அமுக்கிக் கொன்றுவிட்டு, ஆற்றில் போட்டிருக்கிறார்கள்.

காவல் தலைவனை அறைக்கே அழைத்துவந்தோம்.

"ஐயா, அவரு தண்ணியில சாகல. தொண்டை நிறைய உமி. என் கண்ணால பார்த்தேன்."

"எங்க, காட்டு."

"கழுவிட்டேன் ஐயா."

அவன் பிணத்தின் வாயைத் திறந்து பார்த்தான். ஒரு துரும்புகூட இல்லை. அவள் வேலை அப்படி. "தம்பிக்காகக் கதை கட்டுறியா?" என்று கிளம்பிவிட்டான். நாங்கள் இருவரும் மண்டியிட்டு வாய்க்காலைத் துழாவினோம். தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தது.

மூன்றாம் நாள் இரண்டு காவலர்கள் தம்பியை அந்த மேடையிலேயே போட்டார்கள். "காய்ச்சல்ல போயிட்டான். சீக்கிரம் கழுவிப் புதைச்சிடு."

முதுகு முழுக்கச் சாட்டைத் தடம். இரண்டு விரல்களில் நகமே இல்லை. நான் அழுதபடி குடத்தை நிறைத்து அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் தொடவில்லை.

"கழுவ மாட்டேன்" என்றாள். "நீ கால்மாட்டைப் பிடி."

பட்டப்பகலில், கூட்டம் நிறைந்த கடைத்தெரு வழியாக, துணி போர்த்தாமல், முதுகு மேலே தெரியும்படி அவனைத் தூக்கிக்கொண்டு போனோம்.