வெள்ளையாய் எரிந்த சுவாதி

நான் பெங்களூரில் ஒரு கோளரங்கத்தில் வர்ணனையாளராக இருந்த தொண்ணூறுகளில் தமிழ்க் காட்சி ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான். கன்னடக் காட்சிக்கும் இங்கிலீஷ் காட்சிக்கும் கூட்டம் அலைமோதும். எங்களுக்குப் பாதி நாற்காலி நிறைந்தாலே பெரிய விஷயம். ஒலிப்பதிவு கிலிப்பதிவு கிடையாது, மைக்கைப் பிடித்து நேரடியாகப் பேசுவேன். நடுவில் நிற்கும் புரொஜெக்டரை ஓட்டுபவர் காக்ஸ் டவுனிலிருந்து வரும் அந்தோணி அண்ணா. "மிஷின்ல கை வெச்சா ஒடிச்சிருவேன்" என்று டைரக்டரையே மிரட்டுவார்.

அந்த ஞாயிறு, சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவைப் பிடித்துக்கொண்டே போய், கையிலிருந்த அம்பு விளக்கைச் சுவாதியில் நிறுத்தினேன்.

"கிரேக்கர்கள் இதற்கு ஆர்க்டூரஸ் என்று பெயர் வைத்தார்கள். கரடியின் காவலன் என்று பொருள். நமக்குச் சுவாதி, பழந்தமிழில் சோதி. சூரியனைப்போல் இருபத்தைந்து மடங்கு அகலம். நடுவிலிருந்த எரிபொருள் தீர்ந்து, வயதாகி ஊதிப்போன ராட்சதன். ஊதியதால் மேற்பரப்பின் சூடு குறைந்துவிட்டது. அதனால்தான் பாருங்கள், ஆரஞ்சு..."

வாய் அப்படியே நின்றது. சுவாதி வெள்ளையாக இருந்தது. சற்றுத் தள்ளி, நீலம் கலந்த வெள்ளையாக இருக்க வேண்டிய சித்திரை நட்சத்திரம் ஆரஞ்சாக ஜொலித்தது.

பிரகாசமான நட்சத்திரங்களுக்குப் புரொஜெக்டரில் தனித்தனி லென்ஸ் உண்டு. நிறமுள்ளவற்றின் முன்னால் சின்ன வண்ணக் கண்ணாடி மாட்ட வேண்டும். முந்தின நாள்தான் அண்ணா எல்லாவற்றையும் கழற்றித் துடைத்திருந்தார். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஒரு அம்மா மட்டும், "எம் பொண்ணு சுவாதி நட்சத்திரம்தான், பளிச்சுனு இருக்கு பாரு" என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் பெருமைப்பட்டார்.

கூட்டம் கலைந்ததும் எரிந்து விழுந்தேன். "என்னண்ணா வேல இது? சுவாதி கண்ணாடிய சித்திரைல மாட்டி வெச்சிருக்கீங்க. மானம் போகுது!"

"சும்மா தமாஷ் பண்ணாதம்மா. நான் மாட்டினா மாறுமா?"

விளக்கை அணைத்து மறுபடி ஓட்டச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"எதும்மா ஆரஞ்சு?" என்றார்.

என் கோபமெல்லாம் எங்கே போனதோ.

"எத்தன நாளாண்ணா இப்படி?"

"கொஞ்ச நாளாவே. சிக்னல்ல முன்னாடி வண்டி போனா நானும் போறேன். டைரக்டர்கிட்ட சொல்லாதம்மா. இந்த மிஷின விட்டா எனக்கு வேற என்னா தெரியும்?"

"நல்ல ஆளு! யார் மேலயாவது ஏத்தியிருந்தீங்கன்னா?" என்று அவருடைய ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

மறுநாள் அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவும் நானும் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். சர்க்கரை விழித்திரையைக் கெடுத்திருந்தது. லேசர் வைத்தார்கள். மிச்சமிருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்றார் டாக்டர். டைரக்டரிடம் நானே சொல்லிவிட்டேன். நல்ல மனுஷன். "வேல எங்கயும் போகாது அந்தோணி, நீ போன் பாத்துக்கோ" என்றார். மிஷினுக்கு வேறு ஆள் வந்தார்.

சில வருஷத்தில் பார்வை முழுசாகப் போய் வீட்டோடு இருந்த அண்ணா, ஒரு ஞாயிறு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு காட்சிக்கு வந்தார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க, இங்க பாருங்கன்னு அம்பு காட்டுறியே, எனக்கு எப்படிம்மா தெரியும்? எந்தப் பக்கம்னு வாயால சொன்னா என்னா?"

நியாயம்தானே! இப்போது மைக் பிடிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதுதான். அம்பு விளக்கை நம்பிப் பேசாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டிருப்பவரும் தலையைத் திருப்பும்படி பேசுங்கள்.

அண்ணா கேட்ட அடுத்த வாரமே அப்படிப் பேசினேன்; அன்றும் அவர் அக்காவோடு வந்திருந்தார். "நீங்கள் நுழைந்த வாசலுக்கு நேர் மேலே, பாதி உயரத்தில், சுவாதி."

அண்ணா ஆசையாக முகத்தைத் திருப்பினார். வேறு பக்கம். இத்தனை வருஷமும் மிஷின் பக்கத்தில் நின்றே பார்த்தவருக்கு, நாற்காலியில் உட்கார்ந்ததும் வாசல் எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. ஸ்டெல்லா அக்கா அவர் தாடையைப் பிடித்து மெதுவாகச் சரியான பக்கம் திருப்பிவிட்டார்.

"கலர் சரியா மாட்டிருக்காங்களா?" அரங்கம் முழுக்கக் கேட்கும்படி அண்ணா கேட்டார்.

"சரியா இருக்குங்க" என்றார் அக்கா.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மைக்கை அணைத்தேன். அன்றைக்குச் சுவாதிக்கு அடுத்து வர வேண்டிய சித்திரையைப் பற்றி நான் சொல்லவேயில்லை.