மூன்று நாள் அடைத்த தண்ணீர்

வெர்ன் டக்கெட்டுக்கு எழுபத்தொரு வயது. அவருடைய மாட்டுப் பண்ணைக்கும் என்னுடையதற்கும் நடுவே ஒரே முள்கம்பி வேலிதான். அரிசோனாவில் எங்கள் பக்கத்திலிருந்து மெக்சிகோ எல்லை பன்னிரண்டே மைல். எல்லை தாண்டி வருகிறவர்கள் எங்கள் நிலத்தில்தான் நடக்கிறார்கள். வேலியை வெட்டுகிறார்கள், கதவைத் திறந்தபடி விட்டுப் போகிறார்கள், பிளாஸ்டிக் பைகளை வீசிவிட்டுப் போகிறார்கள். நகரத்திலிருந்து காரில் வந்து எங்களுக்கு இரக்கம் போதிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாரையும் சுட்டுத் தள்ளு என்கிறவர்களைப் பார்த்தாலும் அப்படித்தான். இரண்டு கூட்டமும் இங்கே ஒரு வேலிக்கம்பம் கூட நட்டதில்லை.

வெர்னின் வாய்க்கு ஊரே பயப்படும். ஒருமுறை ஷெரிஃப் கூட்டிய கூட்டத்தில், செத்த பசுவின் வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் பையை அப்படியே மேசைமேல் போட்டார்.

"இது யார் வீட்டுப் பை? என் மாடு கடைக்குப் போயி வாங்கிட்டு வந்துச்சா?"

ஷெரிஃப் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்படிப்பட்ட மனிதர்தான் மேற்கு மேய்ச்சலில், தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் சிவப்பு வால் காற்றாலைக்கு அடியில் ஒரு குடிதண்ணீர்க் குழாய் வைத்தார். தாகத்தோடு வருகிறவர்கள் மாட்டுத்தொட்டி நிரம்பியதும் தண்ணீரை அடைக்கிற மிதவையை உடைத்துத் தண்ணீர் பிடிப்பார்கள். விடிவதற்குள் எல்லாத் தண்ணீரும் மண்ணுக்குப் போய்விடும். குழாய் வைத்த பிறகு மிதவை பிழைத்தது.

"யோவ் வெர்ன், உனக்கும் இரக்கம் வந்துடுச்சுன்னு ஊர்ல சொல்லிடட்டுமா?" என்று சீண்டினேன்.

"இரக்கமும் இல்ல, எழவும் இல்ல. மிதவை மாத்தி மாத்தி என் முட்டி தேஞ்சு போச்சுடா ரூபன்."

ஆனால் குழாயில் சங்கிலி போட்டு ஒரு குவளை தொங்கவிட்டிருந்தார். வாரம் ஒருமுறை அதை அவர் சோப்புப் போட்டுத் தேய்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டிருந்தால் அடித்திருப்பார்.

போன ஜூனில் யாரோ வெர்னின் கிழக்கு, மேற்கு மேய்ச்சல்களுக்கு நடுவேயுள்ள வேலியை வெட்டினார்கள். கிழக்கிலிருந்த மாடுகள் அறுபதும் மேற்கு மேய்ச்சலுக்குள் புகுந்துவிட்டன. ஒரு வருஷமாக மாடு விடாமல் காப்பாற்றி வைத்திருந்த புல் அது. அது போனால் குளிர்காலத்துக்கு மாட்டை விற்பதைத் தவிர வழியில்லை. முன்பென்றால் அவர் மகன் டுவெய்ன் குதிரையேறி ஒரே காலையில் ஓட்டிவிடுவான். அவன் தாமிரச் சுரங்க வேலைக்குப் போய்விட்டான். என்னைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிட மாட்டார்.

தனி ஆள் மாட்டை நகர்த்த எங்களிடம் ஒரு வழி உண்டு. இருக்கிற இடத்தில் தண்ணீரை நிறுத்திவிட்டு, போகவேண்டிய இடத்தில் தண்ணீரைத் திறந்து, இடைக்கதவைத் திறந்து வைத்தால் போதும். மாடு தானே நடந்து போய்விடும். வெர்ன் காற்றாலை சுற்றாதபடி அதன் வாலை மடக்கிக் கட்டினார். தொட்டியில் மிச்சமிருந்ததை மாடுகள் ஒரே நாளில் குடித்துத் தீர்த்தன. குழாய்க்கும் அதே தண்ணீர்தான்.

"குழாய் ஞாபகமே வரலடா," என்று பிறகு என்னிடம் சொன்னார். "மாட்டை மட்டும்தான் நெனச்சேன்."

நான் நம்பினேன். நானாக இருந்தாலும் மாட்டை மட்டும்தான் நினைத்திருப்பேன்.

மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தார். மாடுகள் எல்லாம் கிழக்கே போயிருந்தன. நிம்மதியாக வாலை அவிழ்த்துவிடப் போனவர், தொட்டியின் நிழலில் ஒரு பெண் படுத்திருப்பதைப் பார்த்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். உயிர் போய் அதிக நேரம் ஆகவில்லை. குழாயின் திருகு முழுக்கத் திறந்திருந்தது.

போலீஸ் வந்து உடலை எடுத்துப் போனார்கள். பாவாடை இடுப்பில் தைத்திருந்த ஃபோன் எண்ணை வைத்து அவள் அண்ணனைக் கண்டுபிடித்தார்கள். அவன் பெயர் ஃபிடென்சியோ, பீனிக்ஸில் கூரை வேலை செய்கிறான். இந்த நாட்டில் தங்க அனுமதிக் காகிதம் இல்லாத ஆள். திரும்பும் வழியில் எல்லைப் போலீஸின் சோதனைச் சாவடி இருப்பதும், சிக்கினால் நாடு கடத்துவார்கள் என்பதும் தெரிந்தும், தங்கை கிடந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று வந்துவிட்டான். அவன் பேச்சை மொழிபெயர்க்க வெர்ன் என்னை அழைத்தார். எங்கள் வீட்டில் ஸ்பானிஷ்தான் பேசுவோம்.

வெர்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவன் கத்துவான், அடிப்பான், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றார் என்று நினைக்கிறேன். அவனோ காற்றாலையைப் பார்த்ததும் தலையை ஆட்டிக்கொண்டான்.

"இதேதான். ரெண்டு வருஷம் முன்னாடி நான் இங்கதான் தண்ணி குடிச்சேன். தங்கச்சி எலோய்சாகிட்ட நான்தான் சொன்னேன், தண்ணி நெறையத் தூக்காதே, கனக்கும், நடக்க முடியாது. செவப்பு வால் காத்தாலை வரைக்கும் வந்துடு, அங்க ஒரு நல்ல மனுஷன் குழாய் வெச்சிருக்காருன்னு." பிறகு என்னைப் பார்த்தான். "என்ன ஆச்சு? குழாய் உடைஞ்சு போச்சா?"

ஆமாம், உடைந்துவிட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஐம்பது வருஷம் எல்லையோரத்தில் மாட்டுக்காரராக இருந்தவருக்கு அவ்வளவு ஸ்பானிஷ் புரியாதா? எனக்கு முன்னால் வெர்ன் தன் கொச்சை ஸ்பானிஷில் சொல்லிவிட்டார்.

"நான்தான் அடைச்சேன். மாட்டுக்காக."

"மாட்டுக்காகவா," என்றான் அவன். ஒரே ஒரு தடவை. பிறகு, "ஐயா, இனிமே அடைக்காதீங்க. எங்க ஊர்ல மத்தவங்களுக்கும் இதையேதான் சொல்லியிருக்கேன், தண்ணி நெறையத் தூக்காதீங்கன்னு," என்றான்.

வெர்ன் என் தோளைப் பிடித்தார். "எத்தனை பேருக்குன்னு கேளுடா. எப்ப கெளம்பறாங்கன்னு கேளு."

கேட்டேன்.

"சோள அறுவடை முடிஞ்சா ஒவ்வொருத்தரா கெளம்புவாங்க. எத்தனை பேருன்னு எனக்கே தெரியாது," என்றான். "நல்ல செய்தியாச்சேன்னு எல்லாருக்கும் சொன்னேன்."

அதை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் வெர்ன் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருஷப் பழக்கத்தில் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அந்தப் பையன்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான்.