அக்கா வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு ரயில் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் ரயிலில் போய், அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால், கடைசி ரயிலைப் பிடிக்க ஒரு மணி நேரத்தில் திரும்பக் கிளம்ப வேண்டியிருக்கும். என் மனைவி அவளுடைய அக்காவைப் பார்த்து ஒன்பது வருஷமாகியிருந்தது. அதற்கு ஒரு மணி நேரம் போதாது என்று எனக்கே தோன்றியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நடந்தது இது. நாகப்பட்டினத்தில் நான் பள்ளி ஆசிரியர். கோடை விடுமுறையில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி ஈப்போவுக்கு வந்திருந்தோம். அக்கா வீட்டிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் அவள் கணவர், என் சகலை, ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. வெளி ஆட்கள் தோட்டத்தில் இரவு தங்க வேண்டுமானால் வெள்ளைக்கார துரையிடம் உத்தரவு கேட்க வேண்டும். சகலை எதையும் யாரிடமும் கேட்கிறவரல்லர். ஆகவே ஒரு முஸ்லிம் அண்ணனின் சாப்பாட்டுக் கடை மாடியில் அறை எடுத்திருந்தோம்.

மோட்டார் சைக்கிள் யோசனை என்னுடையது. எங்கள் ஊர் டாக்டரின் வண்டியை நான் இரண்டு முறை ஓட்டியிருந்தேன். ஒரு முறை அவருக்குத் தெரிந்து.

கடைக்கார அண்ணன் என்னை ஒரு சீனரின் சைக்கிள் கடைக்கு அழைத்துப் போனார். பின்புறம் இருந்த பழைய வண்டியை அந்தத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, வெளியே உருட்டி வந்து, என்னிடம் ஒரே வாக்கியத்தை மூன்று முறை மலாயில் சொன்னார்.

"ஜாங்கான் பெரந்தி."

"நிறுத்தாதேங்குறாரு லா," என்றார் அண்ணன். "வண்டி நின்னா இன்ஜினும் நின்னுரும். அப்புறம் ஓடித் தள்ளினாத்தான் பிடிக்கும். வெளக்கும் இல்ல. இருட்டறதுக்குள்ள வந்துருங்க."

"போகிற இடத்தில் நிறுத்தாமல் எப்படி?"

அண்ணன் அதை மலாயில் கேட்டார். தவுக்கே நாள் வாடகைக்குக் கையை நீட்டினார்.

பின்னால் சாமான் கட்டும் இரும்புத் தட்டில் ஒரு தலையணையைக் கட்டி, அதன்மேல் என் மனைவி பக்கவாட்டில் உட்கார்ந்தாள். மடியில் அக்காவுக்காகக் கடல் தாண்டி வந்த மாவடு ஜாடி. சாப்பாட்டுக் கடையில் தோசை தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து வண்டியைத் தள்ளிக் கிளப்பிவிட்டார்கள்.

வழியில் ஒரு மேட்டில் வண்டி நின்றது. இறக்கம் வரைக்கும் உருட்டிப் போய், அங்கே நான் ஓடித் தள்ளித் தாவி ஏறினேன். மனைவி ஒரு கையில் ஜாடியும் மறு கையில் கொசுவமுமாகப் பின்னால் ஓடிவந்து தட்டில் குதித்து உட்கார்ந்தாள். நன்றாகவே குதித்தாள். "இன்னும் எத்தன தடவ இப்பிடி?" என்று மட்டும் கேட்டாள்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் ஒரு விஷயம் புரிந்தது. அந்தப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் துரை ஒருவர்தான். சத்தம் கேட்டதும் ரப்பர்ப் பால் வாளியோடு வந்த பெண்கள் ஓரம் ஒதுங்கித் தலை குனிந்தார்கள். கூலிகள் குடியிருந்த லயத்து வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் பீடியை விழுங்கிவிட்டார் என்றே நினைத்தேன். கிராணி வீட்டுக் கதவு எங்கள் கண்ணெதிரிலேயே சாத்திக்கொண்டது.

நான் இன்ஜினை நிறுத்தினேன். மனைவி போய்க் கதவைத் தட்டினாள்.

"ஐயா ஆபீஸ்ல இருக்காங்க தொரே!" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"அக்கா, நாந்தான்."

மனைவி இன்னொரு முறை தட்டினாள்.

"கதவத் தெறக்கிறியா, இல்ல மாவடுவ இந்தத் தொரையே திங்கட்டுமா?"

தாழ்ப்பாள் விலகியது. தலைமுதல் கால்வரை செம்மண் அப்பி நின்ற தங்கையை அக்கா உற்றுப் பார்த்தாள். "என்னடி இது, மண்ண வாரிப் பூசிக்கிட்டு வந்து நிக்கிறே," என்றாள். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நான் வண்டியில் இல்லாத கோளாறு எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சகலை மதியம் வந்தார். மோட்டார் சைக்கிளைப் பார்த்தார், பாதி உயிர் போனவராகச் சாப்பிட உட்கார்ந்தார். "தொரை கேட்டா என்ன சொல்றது?" என்பதைத் தவிர அவர் அதிகம் பேசவில்லை.

நாலு மணிக்கு மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ராத்திரி மட்டும் இருந்துட்டுப் போலாமா?"

சகலைக்கு அது கேட்டிருக்க வேண்டும். தரையைப் பார்த்தார். வண்டியை இருட்டுவதற்குள் திருப்பித் தர வேண்டும் என்று நான் சொன்னேன். அவள் சரி என்றாள்.

வண்டி கிளம்ப முக்கால் மணி நேரம் பிடித்தது. லயத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் தள்ளினார்கள். "மொதல்ல கெளம்பட்டும், நான் ஓடிவந்து ஏறிக்கிறேன்," என்று மனைவி அக்காவின் கையைப் பிடித்தபடி நின்றாள். ஐந்தாவது தடவை இன்ஜின் பிடித்தது. நான் மெதுவாக விட்டேன். தட்டில் கனம் ஏறவில்லை. வீட்டுக்கு முன்னிருந்த மைதானத்தை ஒரு சுற்று சுற்றி அவள் பக்கமாக வந்து, "ஏறு, ஏறு!" என்று கத்தினேன். அவள் கையை ஆட்டினாள். வா என்கிறாளா, போ என்கிறாளா என்று தெரியவில்லை. வானம் வேறு கறுத்திருந்தது. நான் போனேன்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சைக்கிள் கடை வாசலில் தொப்பலாக நனைந்து போய் நின்ற என்னையும் வெறும் தட்டையும் தவுக்கே மாறி மாறிப் பார்த்தார்.

"பினி மானா?"

"சம்சாரம் எங்கேன்னு கேக்குறாரு," என்றார் அங்கே காத்திருந்த அண்ணன், தானும் அதையே கேட்கும் முகத்தோடு.

"தோட்டத்தில்," என்றேன்.

தவுக்கே வண்டியைச் சுற்றி வந்து தன் சாமானில் எதுவும் குறையவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு உள்ளே போனார்.

மூன்றாம் நாள், கப்பலுக்குக் கிளம்பும் வேளையில், சகலை அவளை ஈப்போவுக்குக் கொண்டுவந்து விட்டார். ஆள் கொஞ்சம் நிமிர்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் அன்று மாலையே பங்களாவுக்குப் போய், மைத்துனியை விட்டுவிட்டு அவள் புருஷன் போய்விட்டார் என்று துரையிடம் சொல்லியிருக்கிறார். துரை கோபப்படவில்லை. வண்டி எந்த மாதிரி என்று கேட்டாராம். சகலை விவரித்ததும், "அத நிறுத்தினா கெளம்பாது, பாவம்," என்று தமிழிலேயே சொல்லி, கப்பல் நாள் வரைக்கும் இருக்கட்டும் என்று உத்தரவு கொடுத்தாராம். துரையிடம் சகலை தானாகப் போய்க் கேட்டது அதுதான் முதல் தடவை என்று அக்கா சொன்னாளாம்.

கப்பலில் இரண்டாம் நாள், வண்டியை நிறுத்தாததற்கான காரணங்களை மனைவியிடம் வரிசையாகச் சொன்னேன். மழை, விளக்கு, மேடு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"நீங்க நிறுத்தியிருந்தாலும் நான் ஏறியிருக்க மாட்டேன்," என்றாள்.

பிறகு அக்காவின் வீட்டில் மூன்று நாளும் என்ன சமைத்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். மரவள்ளிக்கிழங்கிலிருந்து தொடங்கினாள்.