மறுபடியும் வெளியே ஒரு பை

எங்களுக்குக் கல்யாணமாகி நான்காவது வருடம் என் மனைவியின் பெருங்குடல் முழுவதும் புண்ணாகி, அதை எடுக்கவேண்டியதாயிற்று. சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். மலம் அந்தப் பையில் வந்து சேரும். சில மாதம் கழித்து, விருப்பப்பட்டால் குடலையே மடித்து உள்ளே ஒரு பை தைக்கலாம், பழையபடி கீழ்வழியாகப் போகும், இல்லையென்றால் இப்படியே இருந்துவிடலாம் என்றார் டாக்டர்.

ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒருநாள் காலை அவள் பை மாற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டாள். எடுத்துக்கொண்டு போனேன். பை இல்லாத வயிற்றில் குடல் சிவப்பாக, ஈரமாக, லேசாக அசைந்தது. என் கை தானாக மூக்குக்குப் போயிற்று. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு மாற்றினாள். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் நான் வாய் திறக்கும் முன்பே, "உள்ளயே தெச்சிடுங்க டாக்டர்" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

உள்ளே தைத்த பை பலருக்கு நன்றாக வேலை செய்யும் என்கிறார்கள். அவளுக்குச் செய்யவில்லை. அந்தப் பையில் எப்போதாவது வந்த வீக்கம் மாதாமாதம் வர ஆரம்பித்தது. மாத்திரைக்கு இரண்டு வாரம் அடங்கும், பிறகு பழையபடி. ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது முறை போவாள். தோல் வெந்து எரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லைன் லீடராக இருந்தவள், அடிக்கடி எழுந்து போகிறாள் என்ற முணுமுணுப்பைத் தாங்காமல் தானே நின்றுவிட்டாள். மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. அதனால் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் முந்தின நாள் மதியத்திலிருந்தே சாப்பிடமாட்டாள். இப்படி ஒன்பது வருடம்.

அப்போதுதான் அங்கன்வாடி வேலைக்கு நேர்முகத் தேர்வு, திருவள்ளூருக்கு வரவும் என்று கடிதம் வந்தது. மையம் எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே இருந்தது. அவசரமென்றால் வீட்டுக்கு ஓடிவந்துவிடலாம் என்று அவள் நினைத்துவைத்திருந்தாள். நான் அத்திப்பட்டில் என் காண்டிராக்ட் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

பேருந்தில் கூட்டம். இறங்க வசதியாகப் படிக்கட்டு அருகே பெண்கள் சீட்டில் அவள், பின்னால் ஜன்னலோரம் நான். ஒருமுறை நிறுத்தச் சொல்லி இறங்கி ஏறினாள். பெரியபாளையம் தாண்டியதும் மறுபடி எழுந்தாள்.

"இன்னாமா நீ, பத்து நிமிசத்துக்கு ஒருவாட்டி நிறுத்த இது இன்னா உன் சொந்தக் காரா?" என்றார் கண்டக்டர். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கி, எதிரே இருந்த பெட்ரோல் பங்க் பக்கம் ஓடினாள்.

கண்டக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தம்மா கூட யாருனா வந்துகிறீங்களா?" என்று உரக்கக் கேட்டார்.

நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. விசில் ஊதினார். பேருந்து நகர்ந்தது.

அரை கிலோமீட்டர் போன பிறகுதான் எழுந்து கத்தினேன். இறங்கி வெயிலில் திரும்பி ஓடினேன். அவள் பங்க் சுவரோரம் சான்றிதழ் கவரோடு நின்றிருந்தாள். புடவையின் பின்பக்கத்தைக் கழுவியிருந்தாள், சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் சொன்னேன், அந்தாளு கேக்கல" என்றேன்.

"சரி வா, ஊட்டுக்குப் போலாம். இந்தப் பொடவையோட அங்க இன்னாத்தப் போறது."

அந்த மாதமே டாக்டரிடம் போனோம். உள் பையை எடுத்துவிட்டு நிரந்தரமாக வெளியே பை வைத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்துவிட்டால் திரும்ப உள்ளே தைப்பது அநேகமாக நடக்காது, நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அங்கிருந்த நர்ஸ், எட்டு வருடமாகப் பையோடு இருக்கும் ஒரு பழவேற்காட்டுக்கார அம்மாவைக் காட்டிப் பேசச் சொன்னாள். மீன் விற்கிறவர்.

"மொத ஆறு மாசம் செத்துடலாம்னு இருந்துச்சி. அப்பால பழகிடுச்சி. கூடைய தூக்கினு தெருத்தெருவா போறேன். ஒருவாட்டி மார்க்கெட்டுல புட்டுக்கிச்சி, ஒரே பேஜாரு" என்றார் அவர்.

என் மனைவி சிரித்தாள். பிறகு மெதுவாக, "உங்க ஊட்டுக்காரரு?" என்று கேட்டாள்.

"மொதல்ல மூஞ்சத் திருப்பிக்கினாரு. நான் உடுவேனா? உன் மீன் வல நாத்தத்த விடவாய்யா இதுன்னு கேட்டேன்."

என் மனைவி என் பக்கம் பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து தினமும் அவளை நச்சரித்தேன். உள்ளே இருப்பதை எடுத்துவிடு, வெளிப் பையே போதும், நானே மாற்றிவிடுகிறேன் என்றேன். ஒரு ஞாயிறு மதியம் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"உனக்கு இன்னாத்துக்கு இவ்ளோ அவசரம்?"

சொல்லிவிட்டேன். வீட்டுப் பின்பக்கம் அன்று மூக்கைப் பொத்தியது, பேருந்தில் வாய் திறக்காதது, பொய் சொன்னது. சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"தெரியும்யா. பங்குல இருந்து பஸ்ஸு நல்லாத் தெரிஞ்சிது. நீ ஜன்னல்ல உக்காந்துனு இருந்தே."

"ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு இருந்தேன்." மீனைத் தட்டில் போட்டாள். "அன்னிக்கி உன் மூஞ்சிக்கோசரம் பைய எடுத்தேன். இன்னிக்கி உன் அழுவைக்கோசரம் பைய வைக்கணுமா? ரெண்டுலயும் நான் எங்கய்யா கீறேன்?"

அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் மட்டும் இரண்டு முறை பழவேற்காட்டுக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துத் தலை சீவிக்கொண்டே, "ஆபரேசன் பண்ணிக்கிறேன். உனக்கோசரம் இல்ல. வயிறு நெறையச் சோறு துன்னணும், அதுக்கு" என்றாள்.

ஆபரேஷன் முடிந்து எட்டு மாதமாகிறது. கீழ்வழியை மூடித் தைத்த காயம் ஆற மூன்று மாதம் பிடித்தது. பை இரண்டு முறை கசிந்திருக்கிறது. ஆனால் மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். ஒரு மாதம்வரை என்னைப் பை மாற்ற விடவில்லை. காய்ச்சலில் கிடந்த ஒருநாள்தான் கூப்பிட்டாள். ஒட்டும் தகட்டில் ஓட்டையை அளந்து வெட்டினேன். "கோணலா கீது" என்று மட்டும் சொன்னாள்.

சில நாட்கள் கண்ணாடி முன்னால் வயிற்றைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நிற்கிறாள். இனித் திரும்பிப் போக முடியாது என்று நினைக்கிறாளா, அல்லது வேறு ஏதாவதா, தெரியாது. என் பாரம் இறங்கவேண்டும் என்றுதான் அன்று எல்லாவற்றையும் கொட்டினேன். அது அவள் முடிவைக் கொஞ்சமாவது தள்ளிவிட்டிருக்குமோ? கேட்டால் இல்லை என்பாள். நான் நிம்மதியாக இருக்கட்டும் என்பதற்காகவே அப்படிச் சொல்வாள். அதனால் கேட்பதில்லை.