பல் கூச்சத்துக்கு அபிதா விற்ற பேஸ்ட்

ஆரணியில் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் யாரும் அபிதகுசாம்பாள் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்ததில்லை. பெரிய பட்டுக்கடை ஒன்றின் முதல் மாடியில் இருபது வருஷமாக நிற்கிறாள். கடையில் எல்லோருக்கும் அவள் அபிதா. புடவையை உதறி விரித்து, ஜரிகையை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டி, "இந்தக் கலர் பொண்ணு நிறத்துக்கு நல்லா எடுத்துக் குடுக்குங்க" என்பாள். உதடு மட்டும் கொஞ்சம் விரியும். பல் வெளியே தெரியாது. மேல்வரிசை முழுக்கப் பழுப்புக் கோடும் வெள்ளைத் திட்டுமாக இருந்ததை மறைக்க, சின்ன வயதிலேயே பழகிக்கொண்ட வித்தை அது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரே ஒருநாள் மறதியாகப் பல் தெரியச் சிரித்துவிட்டாள். புடவை பார்க்க வந்த அம்மாள் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "வெத்தலையப் போட்டுகினு பட்டுப் புடவையத் தொடுது பாரு இந்தப் பொம்பள" என்றாள். அபிதா ஆயுசில் வெற்றிலை போட்டதில்லை. அந்தப் புடவையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக் காட்டினாள்.

அவள் பிறந்தது தெள்ளாருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில். அவள் தெருவில் வளர்ந்த பிள்ளைகள் முக்கால்வாசிப் பேருக்கும் பல் அப்படித்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கடையில் சேர்ந்த அதே வருஷம், நாலு வயது மகள் காவ்யாவைத் தூக்கிக்கொண்டு ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது, தெருமுனையில் இருந்த அடிபம்புக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். தண்ணீரைச் சோதிக்க வந்திருந்த சுகாதாரத் துறைப் பெண் அங்கே நின்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தண்ணியில ஃபுளோரைடு அதிகம்மா. குடிக்காதீங்க. பல்லு பழுப்பாவறது இதனாலதான்."

அபிதா அந்த ஒரு வார்த்தையைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். முப்பது வருஷம் பெயரே தெரியாத எதிரிக்கு அன்றைக்குத்தான் பெயர் கிடைத்தது. மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது பேஸ்ட் டியூப்பின் மேல் அதே வார்த்தையைப் பார்த்தாள். டியூப்போடு தூக்கிக் குப்பையில் போட்டாள்.

தறியில் உட்கார்ந்திருந்த கணவன் மாணிக்கவேல் எட்டிப் பார்த்தான். "இன்னாத்துக்கு அத்த வீசற? இன்னும் பாதி கூட தீரலியே."

"அதுல விஷம் இருக்குது. எம் பொண்ணு வாயில அது படக் கூடாது."

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஃபுளோரைடு இல்லாத பொடிதான், பேஸ்ட்தான். காவ்யாவுக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு திட்டு இல்லாமல். அபிதாவுக்கு அதற்குமேல் வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

காவ்யா பதினொன்றாவது படிக்கும்போது, கடையில் கூட வேலை செய்கிற திலகவதி ஒரு கூட்டத்துக்கு அபிதாவை அழைத்துப் போனாள். கல்யாண மண்டபத்தில் டை கட்டிய தென்னரசு என்பவன் மைக்கில் பேசினான். பச்சை டியூப் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். பல் எனாமலை இரும்பு மாதிரி ஆக்கும், பல் கூச்சத்தை ஏழே நாளில் போக்கும், மூலிகை தவிர வேறு எதுவும் கிடையாது என்றான். அவளுக்கு அதில் பாதி காதில் விழவில்லை. டியூப்பின் மேல் பெரிய எழுத்தில் இருந்த 'ஃபுளோரைடு இல்லாதது' என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே ஏஜென்டாகச் சேர்ந்தாள்.

நெசவாளர் தெருக்களில் அவள் சொல்லுக்கு மதிப்பு கூடிப்போனதற்கு அந்த டியூப் காரணமில்லை. அவள் சொன்ன விதம்தான் காரணம். பத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நடுவில் நின்று, நாற்பது வயதுவரை யாருக்கும் காட்டாத பல்லை உதட்டைத் தூக்கிக் காட்டுவாள். "இது ஃபுளோரைடு பண்ண வேலை. நல்லா பாத்துக்கங்க." பிறகு காவ்யாவின் தாடையைப் பிடித்து முன்னால் இழுப்பாள். "இது அது படாம வளந்த பல்லு. ஒரு நாள் கூடப் பட்டதில்ல." காவ்யா சிரித்துக் காட்டுவாள். பெண்கள் ஆச்சரியப்படுவார்கள். அபிதாவும் சேர்ந்து சிரிப்பாள், வாயை மூடாமல். வீட்டுக்கு வந்தும் அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம் முகத்தில் இருக்கும். மாணிக்கவேல் கூட ஒருதரம், "இன்னா, இப்பல்லாம் சிரிச்சிகினே இருக்கிற" என்று கேட்டான்.

பன்னிரண்டாவது முடித்த கோடையில் காவ்யா சொன்னாள்: "பல்லு கூசுதும்மா. தண்ணி குடிச்சா சுருக்குங்குது."

"சரியாத் தேய்க்கறதில்ல நீ. மேலாக்கத் தடவிட்டு வந்துடற. அழுத்தித் தேச்சாத்தான் உள்ள இறங்கும்." அபிதா கடைக்குப் போய்க் கெட்டியான பிரஷ் ஒன்று வாங்கி வந்தாள். காலை, மாலை, ராத்திரி மூன்று வேளையும் தேய்க்கச் சொன்னாள். காவ்யா தேய்த்தாள். பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை. ஐஸ்கிரீம் சாப்பிடுவதை நிறுத்தினாள். சோற்றை ஒரு பக்கமாகவே மென்றாள். கூச்சம் போய்விட்டது என்று அபிதா எல்லோரிடமும் சொன்னாள்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிருஷ்ணம்மாள் வீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். கிருஷ்ணம்மாள் பட்டு நூல் சுற்றிக் கொடுக்கிறவள், அடுத்த தெரு. அவளுக்கும் பல் கூச்சம் இருந்தது. அபிதா சொன்னதை நம்பி எட்டு மாசமாகப் பச்சை டியூப் வாங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வந்த பெண்களில் ஒருத்தி விடாமல் கேட்டாள்: "கூச்சம் போவும்னு நீங்க சொல்றீங்க. எப்டி நம்பறது?"

"காவ்யா, இங்க வா" என்றாள் அபிதா. கிருஷ்ணம்மாள் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து சில்லென்ற தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, ஐஸ் கட்டியும் போட்டுக் கொடுத்தாள். "வாயில வச்சிக் கொஞ்ச நேரம் இரு. அப்பறம் முழுங்கு."

காவ்யா ஒருதரம் அம்மாவைப் பார்த்தாள். வாங்கி, வாய் நிறைய வைத்துக்கொண்டாள். டம்ளரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்து கன்னத்தில் இறங்கியது. முழுங்கிவிட்டுச் சிரித்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள் அபிதா. கொண்டுபோன பை காலியாயிற்று.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் காவ்யா கன்னம் வீங்கி, காய்ச்சலோடு எழுந்தாள். அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை. அபிதா கடைக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தாள். மாணிக்கவேல்தான் பைக்கில் உட்கார வைத்துப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனான். போன் வந்து அபிதா ஷேர் ஆட்டோ பிடித்து ஓடியபோது, பின்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தாகிவிட்டது. இன்னொன்றுக்கு வேர் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார் டாக்டர் நான்சி. ஈறோரமெல்லாம் எனாமல் தேய்ந்து, அங்கங்கே சொத்தை விழுந்திருந்தது.

"என்ன பேஸ்ட் போடறாங்க?"

அபிதா பையிலிருந்து டியூப்பை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் பின்பக்கம் படித்துவிட்டு, கொஞ்சம் கையில் பிதுக்கி விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"கொரகொரன்னு இருக்கு பாருங்க. கெட்டி பிரஷ்ல மூணு வேளை அழுத்தித் தேச்சா எனாமல் எப்படி நிக்கும்? ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட் எல்லாமே வீண்னு நான் சொல்லலம்மா. பல்லுல இருக்கிற அதே தாதுவச் சேத்து வர்றதும் இருக்கு, கூச்சத்துக்குச் சில பேருக்கு உதவுது. இதுல அதுவும் இல்ல. இது வாசனை, அவ்ளோதான்."

அபிதா சட்டென்று உதட்டைத் தூக்கித் தன் பல்லைக் காட்டினாள். "இத்தப் பாருங்க டாக்டர். ஃபுளோரைடு தான இப்டிப் பண்ணிச்சி?"

"ஆமா. சின்னப் பிள்ளையில, பல்லு உள்ள உருவாகிற வயசுல, தண்ணியில அளவுக்கு மேல குடிச்சீங்க. அதனால. குழம்புல உப்பு ஒரு கை அள்ளிப் போட்டா வாயில வைக்க முடியாது. அதுக்காக உப்பே போடாம இருப்பீங்களா? உங்க பொண்ணு குடிச்சது வேற தண்ணி. அதனாலதான் அவளுக்குக் கறை வரல. பேஸ்ட்டால இல்ல." பிறகு காவ்யா பக்கம் திரும்பி, "எவ்ளோ நாளா வலிக்குது?" என்று கேட்டார்.

காவ்யா வாயில் பஞ்சைக் கடித்தபடி இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரெண்டு வாரமா?"

தலையை ஆட்டி மறுத்தாள். "வருஷம்."

வீட்டுக்கு வந்ததும் அபிதா கேட்டாள், "ஏண்டி சொல்லல?"

"சொன்னேம்மா. ஒரு தடவ சொன்னேன்."

சாயங்காலம் அபிதா கஞ்சி ஆற்றிக் கொடுக்கும்போது காவ்யாவே மெதுவாகச் சொன்னாள். "அந்தக் கூட்டத்துல மட்டும்தான் நீ வாயத் திறந்து சிரிப்ப. அத்தப் பாத்துகினு எப்டி சொல்றது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அபிதா டியூப் விற்ற வீடுகளுக்கெல்லாம் போனாள். வேண்டாம், அதைத் தேய்க்காதீர்கள், கூச்சம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். சிலர் திட்டினார்கள். சிலர், "எங்களுக்கு நல்லாத்தான் இருக்குது, இருந்தா இன்னும் ரெண்டு குடு" என்றார்கள். அது திட்டைவிட அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. திலகவதி, "நீ உட்டுட்டுப் போ. எங்க பொழப்ப ஏன் கெடுக்கற?" என்று கடையில் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

கிருஷ்ணம்மாள் வீட்டுக்குப் போவதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் போனாள். கிருஷ்ணம்மாள் ராட்டையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள். டியூப்பை நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்ததில் அவளுக்கும் ஒரு பல் போயிருந்தது.

"நீ வித்த, நான் வாங்கினேன். அது போவட்டும்" என்றாள் கிருஷ்ணம்மாள். "அன்னிக்கி இங்க அந்தப் பொண்ணு ஐஸ் தண்ணியக் குடிச்சப்போ கண்ணுல தண்ணி வந்திச்சே. நான் பாத்தேன். நீ பாக்கலியா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். கிருஷ்ணம்மாள் நம்பவும் செய்திருப்பாள்.

"பாத்தேங்க்கா."

"பாத்துட்டு?"

"பெரிசா ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சிக்கினேன். அப்டி நெனச்சாத்தான் மேல பேச முடியும்னு தோணிச்சி."

நூல் அறுந்திருந்தது. கிருஷ்ணம்மாள் குனிந்து முடிச்சுப் போட்டாள். அபிதா எழுந்து வந்தாள்.

காவ்யா விட்டுப்போன பரீட்சையை அடுத்த முறை எழுதித் தேறினாள். இப்போது வேலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. டாக்டர் எழுதிக் கொடுத்த பேஸ்ட்டும் மெத்தென்ற பிரஷ்ஷும் அபிதாவே வாங்கி வைக்கிறாள். கூச்சம் நன்றாகக் குறைந்துவிட்டது. தேய்ந்த எனாமல் திரும்ப வளராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்த பல்லின் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

காவ்யா அவளிடம் ஒருநாளும் கோபமாகப் பேசவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் பதிலுக்கு அழுதாவது இருக்கலாம். தலைவலி, காய்ச்சல், வேலையில் பேஜார் எதுவானாலும் மகள் அப்பாவுக்குத்தான் போன் செய்கிறாள். அவன் சொல்லித்தான் அபிதாவுக்குத் தெரிகிறது.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, காபியை ஒரு வாய் குடித்த காவ்யா டம்ளரைச் சட்டென்று கீழே வைத்தாள்.

"இன்னாம்மா, வலிக்குதா?"

"இல்லம்மா. சூடு."

அபிதா அவள் முகத்தையே பார்த்தாள். நிஜமா, பொய்யா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. காவ்யா காபியை ஆற்றிக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தாள். அபிதா பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்தாள்.