நோகுதோ என்று கேட்காமல் இருப்பது

என்னையே மருந்து என்று ஒரு டொக்டர் சொன்னது போன வருடம். அதுவரை வீட்டில் எனக்கு வேறு பல பெயர்கள் இருந்தன.

அதற்கும் ஒரு வருடம் முதல், மகளுக்குப் பதினைந்து வயது. வலைப்பந்து விளையாடும்போது கணுக்கால் சுளுக்கியது. சுளுக்கு ஒரு மாதத்தில் மாறிவிட்டது, நோ மட்டும் மாறவில்லை. ஒரு வருடத்தில் அது முழங்கால் வரை ஏறிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஸ்கேனிலும் இல்லை. ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வகுப்பறை வாசலில் இறக்கிவிட்டேன். பிறகு அதுவும் ஏலாமல் பாதி நாட்கள் கட்டிலிலேயே கிடந்தாள். "நோகுதோ பிள்ளை?" என்று நாளுக்கு இருபது தரம் கேட்பேன். என்னைப்போல ஒரு தகப்பன் கிடைக்கமாட்டான் என்று எனக்கே என்னை நன்றாகப் பிடித்திருந்தது.

யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் டொக்டரம்மா மகளைவிட என்னையும் மனைவியையும்தான் கூடுதலாகப் பார்த்தார்.

"பிள்ளைக்கு நோகிறது உண்மை. கால் பழுதில்லை எண்டதும் உண்மை. எல்லாரும் நோவையே பார்த்துக்கொண்டிருந்தா அது பெருக்கும். இனி நீங்கள் ரெண்டு பேரும்தான் மருந்து. நோகுதோ எண்டு கேக்கப்படாது. முதல் கிழமை சைக்கிளிலை சந்தி மட்டும், அடுத்த கிழமை கொஞ்சம் கூட. நல்ல நாளும் அவ்வளவுதான், நோகிற நாளும் அவ்வளவுதான். சோதினைக்கு முதல் தானாப் பள்ளிக்கூடம் போவா."

"ஓம்" என்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இவராலை ஏலாது என்பதை அவள் வாயால் சொல்லவில்லை.

ஏலத்தான் இல்லை. வாயை மூடிக்கொண்டு புருவத்தை உயர்த்தினேன்.

"அப்பா, கண்ணாலையும் கேக்கப்படாது" என்றாள் மகள்.

பெருமூச்சு விட்டுப் பார்த்தேன். அதையும் தடைசெய்தார்கள்.

ஆனாலும் மூன்றாம் கிழமை அவள் சந்தியைத் தாண்டித் தபாற்கந்தோர் வரை போய்வந்தாள். இன்னும் அவ்வளவு தூரம் போனால் பள்ளிக்கூடம். அந்த நேரம் பார்த்து என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. எங்கள் ஊர் நாரந்தனையில் வழியில் காண்கிற சொந்தக்காரர் எல்லாரும் "கால் இப்ப எப்பிடி?" என்று அவளை மறித்துக் கேட்கிறார்களே, அதை நிறுத்தவேண்டும் என்று குடும்பத்து வட்சப் குழுவில் எழுதினேன்: 'மகளின் நோவைப் பற்றி இனி ஒருவரும் அவளிடம் கேட்கவேண்டாம். டொக்டரின் கட்டளை.'

நோய் வருத்தத்தைப் பற்றிக் கேட்கவேண்டாம் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பத்து நிமிடத்தில் கனடாவிலிருந்து அக்கா அழுதுகொண்டு போன் எடுத்தாள்.

"தம்பி, எங்களுக்கு ஒளிக்கிறாய். பெரிய வருத்தமோ?"

"இல்லை அக்கா. கேக்கப்படாது, அவ்வளவுதான்."

"வாயாலை கேக்கப்படாத வருத்தமோ?"

அன்று பின்னேரம் மகள் தபாற்கந்தோர் வரை போய்த் திரும்பியபோது விறாந்தை நிறைய ஆட்கள். இருக்கக் கதிரை போதாமல், கரம்பொன்னிலிருந்து வந்த சித்தப்பா பாயில் இருந்தார். மேசையில் ஐந்து பிஸ்கட் பெட்டியும் ஒரு பை தோடம்பழமும். அவளைக் கண்டதும் செத்தவீட்டில்போல எல்லாரும் எழும்பினார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் கட்டளையை அச்சொட்டாகக் கடைப்பிடித்தார்கள். சித்தி மட்டும் குனிந்து அவள் முழங்காலைத் தடவி, "யோசியாதை மோனை, நயினாதீவு அம்மாளுக்கு நேந்திருக்கிறன்" என்றாள்.

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான்கு நாட்கள் சைக்கிள் அசையவில்லை. பிஸ்கட்டை நானே தின்று முடித்தேன். யாரில் கோபிப்பது? அழுத அக்காவிலா, நேர்ந்த சித்தியிலா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது ஒன்றுதான் எனக்குத் தந்த வேலை. அதைக் கெடுக்க நான் கனடாவரைக்கும் ஆள் திரட்டியிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை மகள் வெளியே வந்து சைக்கிளை எடுத்தாள்.

"அப்பா, நீங்கள் வெள்ளென உங்கடை கந்தோருக்குப் போங்கோ. நான் போறதை நிண்டு பார்க்கப்படாது."

"எங்கை..."

"சந்தி மட்டும். திரும்ப முதலிலை இருந்து."

மூன்று கிழமை உழைப்பு போய்விட்டது. அவள் அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்; அதற்கு என்னைத் திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பி, பூட்டியிருந்த கந்தோர் கேற்றுக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றேன். சந்திக்குப் போயிருப்பாளா? பாதியில் இறங்கியிருப்பாளா? பொறுக்க ஏலாமல் மனைவிக்குப் போன் அடித்தேன்.

அவள் என்னோடு பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள். போனை நிப்பாட்டி வைத்திருந்தாள்.